பழைய ஆட்டமும் புதிய கூரையும்: ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ புதுப்பித்தல் குறித்து ஒரு நோக்கு

இலங்கைத் தமிழ் விமர்சனத்தில் ‘புதுப்பித்தல்’ என்னும் சொல் பெரும்பாலும் கூத்தோடு சேர்த்தே பேசப்பட்டு வந்திருக்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களில் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவற்றை மேடையேற்றியபோது, விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்டு வந்த கூத்து குறுகிய நேரத்துள் அடங்கிப் படச்சட்ட மேடைக்கு வந்து சேர்ந்தது. அதனால் கூத்து பிழைத்ததா, அல்லது வேறொன்றாக மாறியதா என்னும் விவாதம் நம் விரிவுரை மண்டபங்களில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அவ்விவாதத்துக்குள் மீண்டும் புகுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதே வினா இன்று நம் தலைமுறையினர் மிக நெருங்கிப் பழகிய வேறொரு கலைவடிவத்தின் முன்னும் எழுந்து நிற்கிறது என்பதையும், அங்கு நாம் எதை எதிர்பார்ப்பது நியாயம், எதை எதிர்பார்ப்பது வீண் என்பதையும் ஆராய்வதே இதன் நோக்கம். அக்கலைவடிவம் கணினி விளையாட்டு.

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டிதழில் கணினி விளையாட்டுக்கு என்ன இடம் என்று கேட்போர் இருக்கக்கூடும். பூண்டுலோயாப் பகுதித் தோட்டங்களில் வளர்ந்து பல்கலைக்கழகம் வந்த என்னைப் போன்றோரிற் பலர், சோழர் வரலாற்றை முதன்முதலில் எதிர்கொண்டது பாடநூலில் அன்று, படியெடுத்த இறுவட்டொன்றிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ பழைய கணினியில் ஏற்றப்பட்ட விளையாட்டுகளைச் சுற்றி எழுந்த பேச்சில்தான். தமிழ் பேசும் படைவீரரும் இராசேந்திர சோழனும் இடம்பெறும் ஓர் ஆக்கம், உலகெங்கும் பெருந்தொகையானோரால் ஆடப்படும்போது, அதனைப் பற்றித் தமிழில் விமர்சனம் எழாதிருப்பதே வியப்புக்குரியது.

‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகம் 1999இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இயங்கிய ‘என்செம்பிள் ஸ்டூடியோஸ்’ நிறுவனத்தால் ஆக்கப்பட்டு மைக்ரோசொஃப்ட்டினால் வெளியிடப்பட்டது. இடைக்கால நாகரிகங்கள் பதின்மூன்றில் ஒன்றை ஆடுபவர் தெரிவு செய்துகொள்வார். சில கிராமத்தவரோடும் ஒரு நகர மையத்தோடும் தொடங்கி, உணவு, மரம், பொன், கல் ஆகிய நான்கு வளங்களைத் திரட்டி, நான்கு காலகட்டங்களைக் கடந்து, படை திரட்டி எதிரியை வெல்ல வேண்டும். 2000இல் வந்த விரிவாக்கம் மேலும் ஐந்து நாகரிகங்களைச் சேர்த்தது. 2009இல் என்செம்பிள் நிறுவனம் மூடப்பட்டது. ஆக்கியோர் கலைந்து சென்ற பின்னரும் ஆட்டம் நின்றுவிடவில்லை என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அது நிற்காமைக்குரிய காரணத்தை அதன் அமைப்பிலேயே காணலாம். ஆடுபவர் தாமே நிலப்படம் வரைந்து கதை அமைத்துக்கொள்ளும் கருவியொன்று முதல் நாளிலிருந்தே அதனோடு சேர்த்து வழங்கப்பட்டது. எதிரியாக நின்று ஆடும் கணினியின் மதியை எழுதும் கட்டளைக் கோப்புகளும், நிலப்படங்களைத் தற்செயலாக உருவாக்கும் கோப்புகளும் எவரும் திறந்து திருத்தத்தக்க வெறும் எழுத்துக் கோப்புகளாகவே இருந்தன. ஆகவே உலகெங்குமுள்ள இளைஞர் அதனைத் தத்தம் விருப்பப்படி மாற்றியமைத்தனர். இளைஞர் வழக்கில் இது ‘மொட்’ எனப்படும். மாற்றாக்கம் என இக்கட்டுரையில் வழங்குவோம். மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று. மன்மதன் எரிவதும் இரதி புலம்புவதும் எங்கும் உள்ளவை. இடையில் வரும் கோமாளியின் பேச்சும், வேடங்களின் வரிசையும், எந்தத் துரையைக் கேலி செய்வது என்பதும் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். எழுதியவர் ஒருவர், ஆடுபவர் பலர் என்ற பிரிவு அங்கு இல்லை. மாற்றத்தக்க கணினி விளையாட்டும் அத்தகையதே.

இவ்வாறான ஆக்கமொன்றைப் புதுப்பிப்பதில் உள்ள இடர் யாதென்பதை விளக்க நம் லயங்களைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை. வெள்ளையர் கட்டியது பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களின் வரிசை மட்டுமே. குடும்பம் பெருகியபோது மக்கள் இஸ்தோப்பை அடைத்து அறையாக்கினர். பின்புறம் தகரம் சாய்த்துக் குசினி இறக்கினர். முன்னால் பூச்செடி வைத்தனர். இன்று ஒரு லயத்தில் குடியிருப்பவர் ‘என் வீடு’ என்று சொல்லும்போது அவர் குறிப்பது வெள்ளையர் கட்டிய காம்பராவை அன்று, அதனோடு தம் பாட்டனும் தகப்பனும் ஒட்டவைத்த பகுதிகளையும் சேர்த்தேயாம். இப்போது நிர்வாகம் கூரையை மாற்ற வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய கூரை பழையதைவிட உறுதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் அளவு ஆதிக் காம்பராவின் அளவே. சாய்த்து இறக்கிய குசினித் தகரம் அதன்கீழ் வராது. வேலை முடிந்த அன்று மாலை சோறு சமைப்பது எங்கே?

கணினி விளையாட்டைப் புதுப்பிப்போர் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. அவர்கள் கையில் உள்ள வரைபடம் ஆதிக் காம்பராவினது. ஆடுபவர் வாழ்வதோ பின்னர் இறக்கிய பகுதிகளில்.

‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்தின் முதலாவது அதிகாரபூர்வப் புதுப்பித்தலான ‘எச்.டி.’ பதிப்பு 2013 ஏப்ரலில் வெளிவந்தது. அகன்ற திரைக்கு ஏற்றவாறு அது அமைந்திருந்தது. மாற்றாக்கங்களைப் பகிரும் வசதியும் அதில் இருந்தது. எனினும் போட்டியாக ஆடுவோரிற் பெரும்பாலோர் அதற்குக் குடிபெயரவில்லை. ‘வூப்லி’ என்னும் தளத்தில் பழைய 2000ஆம் ஆண்டுப் பதிப்பையே அவர்கள் மேலும் பல ஆண்டுகள் ஆடி வந்தனர். பழமைப் பற்று மாத்திரமே இதற்குக் காரணம் என்பார் உளர். அது பொருந்தாது. ரசிகர்கள் தாமே ஊதியமின்றி உருவாக்கிய திருத்தப் பொதியொன்று பழைய பதிப்புக்கு அகன்ற திரையையும் பிற வசதிகளையும் ஏற்கெனவே வழங்கியிருந்தது. இணையவழி ஆட்டமும் அங்கு தடையின்றி ஓடியது. புதிய பதிப்பிலோ பலர் சேர்ந்து ஆடும்போது ஏற்பட்ட பின்னடைவு குறித்த முறைப்பாடு ஓயவேயில்லை. பின்னர் எச்.டி. பதிப்புக்கென வந்த புதிய நாகரிகங்களைக்கூட ரசிகர்கள் பழைய பதிப்புக்கு ஏற்றவாறு மாற்றியெடுத்துக்கொண்டனர். புதிய வீட்டின் யன்னலைக் கழற்றிக்கொண்டு வந்து பழைய வீட்டில் பொருத்திக்கொண்ட கதை அது.

இவ்விடத்து அந்த ஆட்டத்தின் உள்ளமைப்புப் பற்றிச் சிறிது கூறுதல் அவசியமாகிறது. கலைப்பீட மாணவனுக்கு இது எதற்கு என்று ஒதுக்கிவிட முடியாது. யாப்பறியாது செய்யுளை விமர்சிக்கப் புகுவதைப் போன்றதாகிவிடும். 1990களின் பிற்பகுதியில் வீடுகளிலிருந்த இணைய இணைப்பு, வினாடிக்கு 28.8 கிலோபிட் கடத்தும் மோடம். நூற்றுக்கணக்கான வீரர் ஒவ்வொருவரும் எங்கு நிற்கிறார் என்பதை அந்த இணைப்பினூடாக ஓயாது அனுப்பிக்கொண்டிருக்க இயலாது. ஆகவே ஆக்கியோர் வேறொரு வழி கண்டனர். ஆடும் ஒவ்வொருவரின் கணினியும் முழு ஆட்டத்தையும் தானே கணித்துக்கொள்ளும். இணைப்பின் வழியே செல்வது ‘இவரை அங்கு நகர்த்து’ என்னும் கட்டளை மாத்திரமே. எல்லாக் கணினிகளும் ஒரே கட்டளையை ஒரே கணத்தில் நிறைவேற்றுவதால் எங்கும் ஒரே விளைவு கிடைக்கும். தாளக்கட்டுத் தவறாத கூட்டாட்டம் எனலாம்.

இவ்வழகிய தீர்வின் விளைவுகள் இரண்டு. ஒன்று, ஒருவரது கணினி மெதுவானதாயின் எல்லோருக்கும் ஆட்டம் மெதுவாகும். மற்றது, ஒருவரது பதிப்பில் ஒரு வில்லாளியின் வலு ஓர் எண்ணால் வேறுபட்டாலும் இரு கணினிகளின் கணக்கும் பிரிந்து ஆட்டம் அறுந்துவிடும். புதுப்பிப்போர் ஓர் எண்ணைத் திருத்தும்போது, அந்த எண்ணின்மேல் கட்டப்பட்ட எல்லா மாற்றாக்கங்களும் அசைகின்றன என்பதை ரசிகர் பலர் உணர்வதில்லை. ‘இச்சிறு பிழையை ஏன் இன்னும் திருத்தவில்லை’ என்று சினப்பவரும், ‘இச்சிறு மாற்றத்தை ஏன் செய்தார்கள்’ என்று சினப்பவரும் சில வேளைகளில் ஒருவரே. வீரர்கள் தாம் செல்லும் வழியைத் தேடிக்கொள்ளும் முறை இதற்குச் சிறந்த சான்று. ஆட்டுக்குட்டிகள் போல் முட்டி மோதிக்கொள்ளும் குதிரை வீரரைக் கண்டு ஆத்திரமடையாத ஆட்டக்காரர் இலர். அதைத் திருத்தும் ஒவ்வொரு முயற்சியும் வேறொரு மூலையில் புதிய முட்டலை உண்டாக்கியதாக முறைப்பாடு எழுந்து வந்துள்ளது. அந்த முட்டலுக்கும் பழகி, அதற்கேற்பத் தம் உத்திகளை அமைத்துக்கொண்டவர்களும் உண்டு.

வாக்குறுதியின் அளவு ஆக்கத்தின் அளவை மீறினால் நேர்வதென்ன என்பதற்கு வேறொரு விளையாட்டைச் சான்று காட்டலாம். ‘வோர்கிராஃப்ட்’ மூன்றாம் பாகம் 2002இல் வெளிவந்தது. அதன் நிலப்படக் கருவியைக் கொண்டு ரசிகர் ஆக்கிய மாற்றாக்கங்களில் ஒன்றே ‘டோட்டா’. அதிலிருந்து ஒரு புதிய விளையாட்டு வகையே பிறந்து இன்று உலகப் போட்டிகளாக நடைபெறுகிறது. தாயைவிடப் பிள்ளை பெரிதாகிவிட்ட அரிய நிகழ்வு இது. இத்தகைய ஆக்கத்தை ‘ரீஃபோர்ஜ்ட்’ என்னும் பெயரில் முற்றாகப் புதுப்பிக்கப் போவதாக 2018இல் பிளிஸார்ட் நிறுவனம் அறிவித்தது. புதிய சித்திரம், விரிவாக்கப்பட்ட கதைக் காட்சிகள் என வாக்குறுதிகள் பல. 2020 ஜனவரியில் அது வெளிவந்தபோது, காட்டப்பட்ட மாதிரிக் காட்சிகளின் தரம் இறுதி ஆக்கத்தில் இல்லை. தரவரிசைப் போட்டி முறை இல்லை. ரசிகர் ஆக்கிய தொடர்கதைப் படலங்களை ஏற்றும் வசதியும் அப்போது இல்லை. இவற்றைக்கூடப் பொறுத்திருக்கலாம். பழைய பதிப்பை மட்டுமே வைத்திருந்தவர்களின் கணினியிலும் அந்தப் பழைய பதிப்பு அகற்றப்பட்டுப் புதியது குடியேற்றப்பட்டது என்பதே பொறுக்க முடியாததாயிற்று. அத்தோடு, இனி ரசிகர் ஆக்கும் நிலப்படங்களின் உரிமை நிறுவனத்தையே சாரும் என்ற விதியும் சேர்க்கப்பட்டிருந்தது. ‘டோட்டா’ கைநழுவிப் போனதன் கசப்பு அவ்விதியில் வெளிப்படையாகவே தெரிகிறது. எதிர்ப்பு வலுக்கவே, வேண்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நிறுவனம் முன்வந்தது.

இதனோடு ஒப்பிடுமிடத்து, 2019 நவம்பரில் வந்த ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்தின் ‘டெஃபினிட்டிவ்’ பதிப்பு பெருமளவு வெற்றியெனவே கொள்ள வேண்டும். அதற்குரிய காரணங்களில் முதன்மையானது அதனை ஆக்கியோர் யாவர் என்பது. 2012இல் ஊதியமின்றி மாற்றாக்கமொன்றை வெளியிட்ட ரசிகர் குழு, இத்தாலியர், இந்தியர், இன்கர், மகியர், சிலாவியர் என்னும் ஐந்து நாகரிகங்களைத் தாமே சேர்த்தது. மறு ஆண்டு அது அதிகாரபூர்வ விரிவாக்கமாக ஏற்கப்பட்டது. அக்குழுவே பின்னர் ‘ஃபொகொட்டன் எம்பயர்ஸ்’ என்னும் நிறுவனமாகி 2019ஆம் ஆண்டுப் பதிப்பின் முதன்மை ஆக்கியோராயிற்று. குசினித் தகரம் எங்கு சாய்ந்திருக்கிறது என்பதை அறிந்தவரே கூரை வேய வந்தனர். அவர்கள் பழைய எச்.டி. பதிப்பை எவரது கணினியிலிருந்தும் பிடுங்கவில்லை. வேண்டியோர் வரலாம், விரும்பாதோர் அங்கேயே இருக்கலாம் என்ற நிலையில் மெல்ல மெல்ல மக்கள் வந்து சேர்ந்தனர். வயல் தானாகவே மீண்டும் விதைபடுதல் போன்ற வசதிகள் ஆட்டத்தின் சுவையைக் குறைத்துவிடும் என்று முதியோர் (இருபத்தைந்து வயதைக் கடந்தோரை அவ்வாறு அழைக்கலாமாயின்) முணுமுணுத்தனர். பின்னர் அவர்களும் அவற்றைப் பயன்படுத்தலாயினர்.

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு விலை உண்டு. அதை அதிகமாகக் கொடுப்பவர்கள் நம்மைப் போன்ற இடங்களில் இருப்பவர்களே. 1999ஆம் ஆண்டுப் பதிப்புக்கு 32 மெகாபைட் நினைவகமும் வன்தட்டில் 200 மெகாபைட் அளவு இடமும் போதுமாயிருந்தன. 2019ஆம் ஆண்டுப் பதிப்போ வன்தட்டில் ஏறத்தாழ 30 ஜிகாபைட் கேட்டது. நூற்றைம்பது மடங்கு. இவ்வளர்ச்சியின் பெரும்பங்கு சித்திரத்துக்குரியது. வீரர் ஒவ்வொருவரும் நடப்பது, வெட்டுவது, விழுவது ஆகிய ஒவ்வோர் அசைவும் பல திசைகளிலிருந்து தனித்தனிப் படங்களாக வரையப்பட்டிருக்கும். படத்தின் நீளமும் அகலமும் இருமடங்காயின் அதன் அளவு நான்கு மடங்காகும். அதே காரணத்தால் சித்திரக் கோப்பின் வடிவமும் மாற்றப்பட்டது. பழைய பதிப்புக்கு ரசிகர் வரைந்த சித்திர மாற்றாக்கங்கள் எதுவும் புதியதில் இயங்கா.

கொழும்பிலுள்ள மாணவனுக்கு 30 ஜிகாபைட் ஓர் இரவுத் தரவிறக்கம். மலைச்சரிவில் தொலைபேசியை யன்னலோரம் சாய்த்து வைத்துச் சமிக்ஞை பிடிக்கும் மாணவனுக்கு அது பல மாதத்து டேட்டா. பூண்டுலோயா டவுனில் ‘கொமியூனிகேஷன்’ கடைகளின் பழைய கணினிகளில் பழைய பதிப்பு ஓடும். புதியது தொடங்கவே தொடங்காது. ‘யாவருக்குமாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்று விளம்பரம் சொல்லுமிடத்து, அந்த ‘யாவரும்’ என்பதன் எல்லை எங்கு முடிகிறது எனக் கேட்பது விமர்சகனின் கடமையாகும். டன்சினன் தோட்டத்தில் 2018இல் இந்திய உதவியுடன் 404 தனி வீடுகள் கையளிக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணியில் அமைந்த அவ்வீடுகள் பெறுமதியானவை என்பதை எவரும் மறுக்கார். ஆயினும் அடுத்த சரிவில் லயம் அப்படியேதான் நிற்கிறது. புதிய பதிப்பின் ஒளிமிக்க சித்திரங்களைக் காணும்போது எனக்கு அந்த இரண்டு சரிவுகளும் ஒருசேர நினைவுக்கு வரும்.

இனி, தமிழர் என்ற வகையில் நம்மை நேரடியாகத் தொடும் பகுதிக்கு வருவோம். 2012இன் மாற்றாக்கத்தில் இடம்பெற்ற ‘இந்தியர்’ என்னும் நாகரிகம் துணைக்கண்டம் முழுவதையும் ஒரே பெயருள் அடக்கியது. பத்தாண்டுகள் அவ்வாறே இருந்தது. 2022 ஏப்ரலில் வந்த விரிவாக்கத்தில் அப்பெயர் ‘இந்துஸ்தானியர்’ என மாற்றப்பட்டு, வங்காளர், கூர்ஜரர், திராவிடர் என மூன்று நாகரிகங்கள் தனித்தனியே வகுக்கப்பட்டன. மொத்த நாகரிகங்கள் 42 ஆயின. திராவிடர் காலாட்படையிலும் கடற்படையிலும் வல்லவர், குதிரைப்படையில் மெலிந்தவர். ஒவ்வொரு காலகட்டத்தைக் கடக்கும்போதும் 200 அலகு மரம் இலவசமாகப் பெறுவர். சுருள்வாள் ஏந்திய வீரரும் ‘திரிசடை’ என்னும் கப்பலும் அவர்களுக்கேயுரியன. படைவீரர் தமிழில் மறுமொழி கூறுவர். இராசேந்திர சோழனின் வாழ்வு தொடர்கதைப் படலமாக அமைந்தது.

அச்செய்தி வந்தபோது நம் மாணவரிடையே எழுந்த ஆரவாரம் இயல்பானதே. உலகின் எங்கோ ஒரு மூலையிலுள்ள அந்நியன் ஒருவன் தமிழ் வீரனைச் சொடுக்கித் தமிழ்ச் சொல்லைக் கேட்கிறான் என்பது சிறிய செய்தியன்று. ஆனால் ஆரவாரத்தோடு கூடவே வந்த எதிர்பார்ப்புகளைத்தான் நான் இங்கு கேள்விக்குட்படுத்த விழைகிறேன். ‘இனி நம் வரலாறு சரியாகச் சொல்லப்படும்’ என்றனர் சிலர். எதனைக் கொண்டு? சுருள்வாள் கேரளத்துக் களரிப்பயிற்றோடு தொடர்புடையது. அது சோழர் படையின் அடையாளமாக நிற்கிறது. ‘திராவிடர்’ என்பது மொழிக் குடும்பத்தின் பெயராகக் கால்டுவெல்லின் 1856ஆம் ஆண்டு நூலால் நிலைபெற்ற சொல். இராசேந்திரன் தன்னை அப்பெயரால் அழைத்துக்கொண்டிருக்க மாட்டான். படைவீரர் தமிழ் பேசுகின்றனர். ஆனால் திரையிலுள்ள எழுத்துக்களை இந்தியில் மாற்றிக்கொள்ள இயலுமே தவிரத் தமிழில் மாற்றிக்கொள்ளும் வசதி தரப்படவில்லை. காதுக்குத் தமிழ், கண்ணுக்கு வேறு.

இவற்றை அந்நிறுவனத்தின் வஞ்சகமெனக் கொள்வது பிழையான வாசிப்பாகும். எந்தப் புதுப்பித்தலும் பழைய ஆட்டத்தின் விதிகளுக்குள்ளேயே நிகழ முடியும். இந்த ஆட்டத்துக்கு அரசன் தெரியும், படை தெரியும், கப்பல் தெரியும். 1017ஐ ஒட்டி ஈழத்தின் மீது படையெடுத்து ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்ததும், 1025இல் கடாரம் வென்றதும் அதன் விதிகளுக்கு எளிதில் அடங்குவன. அவ்வெற்றியைச் சிங்கள நண்பனொருவன் அருகிலிருந்து பார்க்கும்போது என்ன நினைப்பான் என்பது அந்த விதிகளுக்குள் அடங்காது. அவ்விரிவாக்கத்தில் சிங்களவருக்குத் தனி நாகரிகம் வகுக்கப்படவில்லை என்பதும் சேர்த்து எண்ணத்தக்கது. நம் விடுதியில் இவ்விடயம் பற்றிப் பேசியபோது அவன் கேட்டான்: ‘நாங்கள் யாராக ஆடுவது?’ நியாயமான வினா.

மலையகத்தவன் என்ற முறையில் எனக்கும் அதே வினா உண்டு. இராசேந்திரனின் கடற்படைக்கும் எண்ணூறு ஆண்டுகள் கழித்துக் கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் வந்திறங்கிய என் மூதாதையர்க்கும் மொழி ஒன்று. வேறு பொதுவானது அதிகமில்லை. அந்த ஆட்டத்தில் அவர்களுக்கு மிக நெருங்கியவர் வீரரல்லர், கிராமத்தவர். மரம் வெட்டுபவர், கல் உடைப்பவர், பழம் பறிப்பவர். அவர்களுக்குப் பெயரில்லை. ஐம்பது உணவு அலகு கொடுத்தால் ஒருவர் பிறப்பார். எதிரி வந்தால் முதலில் விழுபவரும் அவரே. அவர்களின்றி ஆட்டம் ஒரு நிமிடமும் நகராது. ஆனால் வெற்றிப் பட்டியலில் அவர்கள் ஓர் எண்ணிக்கை மட்டுமே. அடுத்த விரிவாக்கத்தில் நிறுவனம் இதனை மாற்றித் தரும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. அது அவர்களது ஆட்டத்தின் தன்மையையே மாற்றுவதாகும். எவரும் பணம் கொடுத்து வாங்க மாட்டார்.

எனினும் நிலப்படக் கருவி திறந்தேயிருக்கிறது. இவ்வாண்டு விடுமுறையில் மாற்றாக்கமொன்றைச் செய்யலாம் என்ற பேச்சு நம் மாணவர் சிலரிடையே எழுந்தபோது, முதலில் சொல்லப்பட்ட திட்டம் இருநூறு ஆண்டு மலையக வரலாறு முழுவதும்: கோப்பி, 1867இல் தொடங்கிய தேயிலை, 1948இன் குடியுரிமைச் சட்டம், 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், கப்பலேறிய குடும்பங்கள் என அனைத்தும். பெரும் மாற்றாக்கத் திட்டங்களிற் பல இவ்வாறே தொடங்கி, அறிவிப்போடு முடிந்தும் போகின்றன. நான் வேண்டுவது மிகச் சிறிய ஒன்று: ஒரு நிலப்படம், ஒரு நடைப்பயணம். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டினூடாக வந்த வடபாதை. வீரர் எவரும் இல்லை. முப்பது கிராமத்தவர் புறப்படுகின்றனர். எத்தனை பேரை மாத்தளைக்குக் கொண்டு சேர்ப்பது என்பதே ஆட்டம்.

இதற்குள்ளும் எது இயலும், எது இயலாது என்பதை முன்னரே வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தில் உள்ள காட்டு விலங்கு ஓநாய். நம் நாட்டில் ஓநாய் இல்லை. 2000ஆம் ஆண்டு விரிவாக்கத்தில் வந்த அமெரிக்கச் ‘ஜாகுவார்’ நம் சிறுத்தைக்குப் பதிலாக நிற்கலாம். தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு வேறுபாடு தெரியாது. காய்ச்சலும் வாந்திபேதியும் விலங்குகளைவிட அதிகமானோரைக் கொன்றன. அவற்றைச் சித்திரமாகக் காட்ட இயலாது, ஆனால் நேரம் செல்லச் செல்ல உயிர்வலு குறையும்படி கட்டளை எழுதலாம். புதிய உடை, புதிய முகம் வரைவதற்கு நம்மில் எவருக்கும் பயிற்சியில்லை. ஆகவே அதை இப்போது பேச வேண்டாம். தமிழ் எழுத்து திரையில் சிதையாது தோன்றுகிறதா என்பதை முதல் நாளே சோதிக்க வேண்டும். சிதையுமாயின் குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிடலாம், அதற்குத் தோட்டத்துப் பாட்டிமாரைவிடத் தகுந்தவர் யார்? மிக முக்கியமாக, அதனைப் பழைய பதிப்பிலேயே செய்ய வேண்டும் என்பது என் கட்சி. புதிய பதிப்பின் கருவி வசதி மிக்கது என்பது உண்மையே. ஆனால் செய்து முடித்ததைப் பூண்டுலோயா டவுனில் ஆடிப் பார்க்க முடியாவிட்டால் அது யாருக்காக?

மாத்தளையை அடைந்த பின்னர் ஒரு சிறு காட்சியாகக் கொழுந்து பறிப்பதையும் சேர்க்க வேண்டும் என்று தோழி ஒருத்தி வற்புறுத்துகிறாள். வடபாதையில் வந்தவர்கள் கோப்பிக்கு வந்தவர்கள், தேயிலை பின்னர்தான் என்றேன். ‘அது தெரியும், ஆனாலும் வேண்டும்’ என்கிறாள். பழம் பறிக்கும் கிராமத்தவளின் கையிலுள்ள கூடையைக் காட்டி, இது போதும் என்கிறாள். அதில் ஓர் இடர் உண்டு. ஆட்டத்திலுள்ள பழச்செடியில் 125 அலகு உணவு இருக்கும். பறித்து முடிந்ததும் செடியே மறைந்துவிடும். தேயிலைச் செடி அவ்வாறு மறைவதில்லை. வாரந்தோறும் பறித்தாலும் மறுபடி துளிர்க்கும். பறிக்கும் கைகளே மாறும். இவ்விதியை மாற்ற ஆட்டத்தின் தரவுக் கோப்பினுள் கைவைக்கத் தேவையில்லை. நிலப்படக் கருவியில் ஒரு நிபந்தனையும் ஒரு விளைவும் எழுதினால் போதும். செடி மறைந்ததும் அதே இடத்தில் அதே செடியைத் தோன்றச் செய். அந்த ஒன்றை முதலில் செய்து பார்ப்பதாக உடன்பட்டிருக்கிறோம்.